தகப்பன் பிறந்த இடம்

(கினிகத்தேனையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மலையகத் தமிழரான நம்மவர்களின் பிரஜாவுரிமை பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் ஏற்பாட்டாளர்களில் சிலருக்குத் தயக்கம். அதுதான் 2003இல் தீர்ந்துவிட்டதே, சம்பளப் பிரச்சினையைப் பேசலாமே, காணியுரிமையைப் பேசலாமே என்றார்கள். நியாயமான கேள்வி. ஆனாலும் இதையே எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அமெரிக்காவிலிருந்து வந்தது. 2025 ஜனவரி 20ஆம் திகதி, பதவியேற்ற அன்றே, ஜனாதிபதி டிரம்ப் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். தாய் அங்கே அனுமதியின்றியோ தற்காலிக விசாவிலோ இருந்து, தகப்பனும் பிரஜையாகவோ நிரந்தர வதிவாளராகவோ இல்லாவிட்டால், அந்த மண்ணில் பிறக்கும் பிள்ளை பிரஜை ஆகாது என்பது ஆணையின் சாரம். அமெரிக்க அரசியலமைப்பின் 14ஆவது திருத்தம் 1868இல் வந்தது. அங்கே பிறந்தவர் அந்நாட்டுப் பிரஜை என்பது அதன் பொது விதி. சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் என்பவர் சீனாவுக்குப் போய்த் திரும்பியபோது கப்பலைவிட்டு இறங்க விடாமல் தடுக்கப்பட்டார். வழக்காடினார். 1898இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அவர் பிரஜையே என்று தீர்ப்பளித்தது. நூறாண்டுக்கு மேல் நிலைத்த அந்த விதியைத்தான் இந்த ஆணை அசைத்துப் பார்த்தது.

அந்த ஆணையை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அதை வாசித்தபோது ஒரு வரியில் நின்றுவிட்டேன். ஆணை வெளியாகி 30 நாட்கள் கழிந்தபின் பிறக்கும் பிள்ளைகளுக்கே இது பொருந்தும் என்று எழுதியிருந்தது. நேற்றுவரை பிறந்தவர்களை அந்த ஆணைகூடத் தொடவில்லை. பிரித்தானியா தன் விதியை மாற்றியபோது, 1983 ஜனவரி 1க்குப் பின் பிறப்பவர்களுக்கு என்றது. அயர்லாந்து 2004இல் மக்கள் தீர்ப்பே நடத்தி மாற்றியது; அதுவும் 2005இலிருந்து பிறப்பவர்களுக்குத்தான். இந்தியா 1987 ஜூலை 1 என்று ஒரு கோடு போட்டது. அதற்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவரை விட்டுவிட்டது. இந்த நாடுகள் செய்தது சரியா பிழையா என்று வாதாடலாம். ஒரு நாடு தன் வாசலை இனிமேல் எப்படித் திறப்பது என்று தீர்மானிக்க அதற்கு உரிமை உண்டென்று ஒருவர் சொன்னால், என்னால் முழுக்க மறுக்க முடியாது. ஏற்கெனவே வீட்டுக்குள் பிறந்து வளர்ந்தவரைப் பார்த்து, உன் தகப்பன் எங்கே பிறந்தான் என்று கேட்பது வேறு காரியம். இலங்கை 1948இல் செய்தது அந்த வேறு காரியம்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் திகதிக்கு முன்னர் இலங்கையில் பிறந்த ஒருவர் பிரஜை ஆவதற்கு, அவருடைய தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பனைப் பெற்ற பாட்டனும், அந்தப் பாட்டனைப் பெற்ற பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தாய் எங்கே பிறந்தாள் என்பதைச் சட்டம் பொருட்படுத்தவில்லை. கொழுந்தெடுத்து நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டுவந்தவள் பெரும்பாலும் அவள்தான் என்பதை ஞாபகப்படுத்திவிட்டு மேலே போகிறேன்.

சட்டத்தின் எழுத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், நம்மவர்களில் கணிசமானோர் அன்றைக்கே பிரஜைகள். கோப்பிக் காலத்திலேயே வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் 1948இல் தோட்டங்களில் பெரியவர்களாக இருந்தார்கள். இடித்தது அத்தாட்சி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1948இல் நாற்பது வயதுக்காரர் ஒருவரின் தகப்பன் 1880ஐ ஒட்டிப் பிறந்திருப்பார், பாட்டன் 1850களில். பிறப்பைப் பதிவது இந்நாட்டில் கட்டாயமானதே 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். அதற்கு முந்தியவருக்கு எங்கே போய்ப் பத்திரம் எடுப்பது? லயத்துக் காம்பிராவில் பிறந்த பிள்ளையின் பதிவு தோட்டத்துரையின் அறிக்கையை நம்பியிருந்தது. பெயரைக் கேட்டு எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார். அம்மன் பெயர் வைத்த பெண், தோட்டத்து வேலைநாள் பதிவான செக்ரோலில் ஒரு விதமாகவும் பதிவேட்டில் இன்னொரு விதமாகவும் நின்றாள்.

அம்பகமுவ கிராமத்துச் சிங்கள விவசாயியின் பாட்டனுக்கும் பத்திரம் கிடையாது. இதை நாம் மறந்துவிடக் கூடாது. அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். சட்டம் எல்லோருக்கும் பொதுவாக எழுதப்பட்டிருந்தது. கேள்வி ஒரு கூட்டத்தாரிடம் மட்டும் கேட்கப்பட்டது. பிரஜாவுரிமைச் சட்டம் எதையும் வாசிக்கும்போது அதில் சொல்லியிருக்கும் கொள்கையைவிட, நிரூபிக்கும் சுமையை யார் தலையில் ஏற்றியிருக்கிறது என்பதையே முதலில் பார்க்கிறேன். மண்ணில் பிறந்தால் போதும் என்ற விதிக்கு ஒரேயொரு பத்திரம் தேவை. தகப்பன் வழி விதிக்கு இரண்டு தேவை. பாட்டன், பூட்டன் என்று போனால், பத்திரம் வைத்திருப்பவர்கள் பெரிய இடத்துக் குடும்பங்கள் மட்டுமே.

இதற்கு அன்றைய அரசாங்கத்தின் பக்கத்தில் ஒரு பதில் இருந்தது, கெட்டிக்காரத்தனமான பதில். 1948க்கு முன் இலங்கைப் பிரஜாவுரிமை என்று ஒன்றே இல்லையே, எல்லோரும் பிரித்தானிய முடியின் குடிகள்தானே, இல்லாததை எப்படிப் பறிக்க முடியும் என்பது அது. வக்கீல் வாதமாக இது நிற்கும். ஆனால் பிரித்தானிய முடியின் குடி என்பதற்கு அளவுகோல் என்ன? முடியின் ஆட்சிக்குட்பட்ட மண்ணில் பிறப்பது. அதாவது ஹற்றனில் பிறந்த தோட்டத்துப் பிள்ளையும், பொத்தலேயில் பிறந்த பிரதமர் டி. எஸ். சேனாநாயக்கவும் அதுவரை ஒரே விதியின் கீழ்தான் இருந்தார்கள். அதோடு, வாக்குரிமை இருந்ததே! 1947 பொதுத்தேர்தலில் நம்மவர்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, பக்கத்து நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம். 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம், பிரஜைகளுக்கே வாக்கு என்றது. 1952 தேர்தலில் காங்கிரசின் ஆசனம் ஒன்றுகூட இல்லை. இருந்ததைப் பறிக்கவில்லை என்று சொல்வதற்கு இங்கே இடமில்லை.

இந்தச் சட்டங்களை எதிர்த்து ஒரு வழக்கு நடந்தது. அது நடந்த ஊர் நமக்குத் தூரமில்லை. இங்கிருந்து கித்துல்கல, யட்டியந்தோட்டை வழியாக இறங்கினால் வரும் ருவன்வெல்ல. அந்தத் தொகுதியின் வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கும்படி கோடாகன் பிள்ளை கேட்டார். சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகம் செய்யும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக் கூடாது என்று தடுத்திருந்தது. இடாப்புத் திருத்த அதிகாரி அந்தத் தடையை மதித்து அவர் பக்கம் நின்றார். உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. வழக்கு லண்டனில் கோமறைக் கழகம் வரை போய் 1953இல் தோற்றது. தீர்ப்பின் போக்கு கவனிக்கத்தக்கது. இந்தியத் தமிழர் வந்து போகும் பழக்கமுள்ளவர்கள், அவர்கள் பிரஜையாகத் தகுந்தவர்களா என்பதற்கு அந்தப் பழக்கம் பொருத்தமான விடயமே என்றார்கள் பிரபுக்கள். அதோடு, வேண்டியவர்கள் பதிந்துகொள்ள 1949இல் தனிச் சட்டம் இருக்கிறதே என்றும் காட்டினார்கள். எதிரே வேறொரு கதவு திறந்திருக்கிறது, ஆகவே இந்தக் கதவைச் சாத்தியது குற்றமில்லை என்ற வாதம். அந்த வேறு கதவுக்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன் கண்டியச் சிங்கள மக்களின் பயத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்த ஊரில் பேசுவதற்கு எனக்குத் தகுதி இல்லை. கினிகத்தேனை தோட்டமும் கிராமமும் கலந்த இடம். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், பத்திரம் காட்ட முடியாத காட்டையும் சேனையையும் முடிக்குச் சொந்தமாக்கியது. அதுவே பிறகு தோட்டங்களாக விற்கப்பட்டது. கிராமத்தவரிடமும் அன்று கேட்டது அத்தாட்சிதான்! வெள்ளைக்காரன் எடுத்த நிலத்தில் நம் முன்னோர் வேலைக்கு நின்றதால், கிராமத்தவர் கண்ணுக்கு வெள்ளைக்காரனைவிட நாமே அதிகம் தெரிந்தோம். பிறகு சர்வசன வாக்குரிமை வந்தது. தோட்டத்து வாக்கு மலைநாட்டுத் தொகுதிகளைத் தூக்கிப் போடும் என்ற பயமும் வந்தது. 1946 குடிசனக் கணக்கில் நாம் ஏழு இலட்சத்து எண்பதாயிரம். நாட்டு மக்களில் 11.7 வீதம். 1947இல் நம்மவர் வாக்கு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் போனது, ஆளும் கட்சியான யூ.என்.பி. அதைப் பொறுக்கவில்லை. பயம் உண்மையானது. அதற்குக் கண்ட பரிகாரம் அநியாயமானது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் சரித்திரம் ஆகும் என்று நினைக்கிறேன்.

இனி அந்த வேறு கதவு. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம். மணமானவர் என்றால் 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ந்து ஏழு வருடம், மணமாகாதவர் என்றால் பத்து வருடம் இங்கே வசித்திருக்க வேண்டும். சீவியத்துக்குப் போதுமான வருமானம் வேண்டும். மனைவி மக்கள் இங்கேயே இருந்திருக்க வேண்டும். ஊருக்குப் போய் ஒரேயடியாகப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கினால் தொடர்ச்சி அறுந்தது. விண்ணப்பிக்க இரண்டு வருடம். 1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள்.

இந்தத் திகதிகளை இன்னொரு திகதியோடு வைத்துப் பாருங்கள். 1939 ஆகஸ்ட் 1இல் இந்திய அரசாங்கம் இலங்கைக்குத் தோட்டத் தொழிலாளர் போவதைத் தடைசெய்துவிட்டது. ஆகவே 1946 ஜனவரியில் தோட்டத்தில் இருந்த தொழிலாளிகளில் மிகப் பெரும்பாலானோர் ஆறரை வருடத்துக்கு முன்பே வந்தவர்கள், அல்லது இங்கேயே பிறந்தவர்கள். சட்டம் கேட்ட ஏழு வருடம் கிட்டத்தட்ட எல்லோரிடமும் இருந்தது. தோட்டம் பூராவும் செக்ரோலில் நாள்தோறும் பெயர் விழுந்திருந்தது. ஒரு மனிதன் எந்த நாள் எங்கே நின்றான் என்பதற்கு இவ்வளவு துல்லியமான கணக்கு வைத்திருந்த சமூகம் இலங்கையில் வேறு இல்லை. அப்படியானால் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்க வேண்டும்?

சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் போயின. அவற்றில் அடங்கியவர்கள் 8 இலட்சத்து 24 ஆயிரம் பேர். பிரஜாவுரிமை கிடைத்தவர்கள் சுமார் 1,34,000. ஆறில் ஒருவர்.

மீதிப்பேர் பொய்யர்களா? எழுதப் படிக்கத் தெரியாதவர் ஆங்கிலப் படிவத்தை இன்னொருவரைக் கொண்டு நிரப்பினார். விசாரணைக்கு அழைத்த இடத்துக்குப் போக ஒரு நாள் பேர் விழாமல் போகும். அது சம்பளத்தில் பிடிபடும். ஒரு திகதி முரண்பட்டாலும் விண்ணப்பம் விழுந்தது. நம் பக்கத்துத் தவறையும் மறைக்க வேண்டியதில்லை. இலங்கை இந்தியன் காங்கிரஸ் முதலில் இந்தச் சட்டத்தைப் பகிஷ்கரித்தது. கடைசிக் காலத்தில் மனம் மாறி, எல்லோரும் எழுதுங்கள் என்றது. அவசரத்தில் எழுதிய விண்ணப்பங்கள் குவிந்தன. கொள்கைக்காகப் பகிஷ்கரித்த தலைவர்களைக் குறைசொல்வது இன்று சுலபம்தான். ஆனால் அந்தத் தாமதத்துக்கான விலையைக் கொடுத்தவர்கள் தலைவர்கள் இல்லை.

சட்டப்படி வா, சட்டப்படி விண்ணப்பி, சட்டப்படி காத்திரு என்று உலகம் முழுக்க இன்று சொல்கிறார்கள். நம் முன்னோரைவிடச் சட்டப்படி வந்தவர்கள் யார்? திருச்சியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையகத்தின் அலுவலகம் இருந்தது. இலக்கம் பொறித்த தகரத் துண்டு கழுத்தில் தொங்கியது. மண்டபம் முகாமில் நோய்ப் பரிசோதனை. அங்கிருந்து கப்பல், ரயில். அரசாங்கம் தானே நடத்திய வழியில் அழைத்து வந்து, மூன்று தலைமுறைக்குப் பிறகு வந்துபோகிறவர்கள் என்று பெயர் வைத்தது. இதே காரியம் டொமினிக்கன் குடியரசிலும் நடந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஹெய்ட்டியிலிருந்து கொண்டுவந்த தொழிலாளரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே பிறந்து பிரஜைகளாக இருந்தார்கள். 2013 செப்டெம்பரில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், அந்தத் தொழிலாளர்கள் வெறும் வழிப்போக்கர்கள் என்று வியாக்கியானம் செய்து, 1929 வரை பின்னோக்கிப் போய்ப் பிரஜாவுரிமையை இல்லாமலாக்கியது. தேயிலை, கரும்பு, இரண்டு தீவுகள், ஒரே யுக்தி.

1964ஐச் சுருக்கமாகவே சொல்கிறேன். உங்களில் பலருக்கு அது வீட்டுக் கதை. அக்டோபர் 30இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த ஒன்றரை இலட்சத்தை 1974இல் இந்திரா காந்தியோடு பேசிப் பாதி பாதியாகப் பிரித்தார்கள். ஏழு பேர் அங்கே போனால் நான்கு பேருக்கு இங்கே உரிமை என்பது விகிதம். எண்ணிக்கையை முதலில் தீர்மானித்துவிட்டு, அந்த எண்ணிக்கைக்குரிய ஆட்களைப் பிறகு தேடினார்கள். தொண்டமானை யாரும் கேட்கவில்லை. தொழிலாளியைக் கேட்பது எங்கே? அழுகைக் கோச்சி என்று நம்மவர்கள் பெயர் வைத்த ரயில் தலைமன்னாருக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஒப்பந்தத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளையும் சேர்த்து நான்கரை இலட்சம் பேருக்கு மேல் அங்கே போனார்கள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் மறுபடி கொழுந்தே எடுத்தார்கள். அங்கே அவர்களுக்குப் பெயர் சிலோன்காரர்.

2003க்கு வருகிறேன், ஏனென்றால் அது வெற்றி பெற்றது. தோல்விகளை ஆராயும் அளவுக்கு நாம் வெற்றிகளை ஆராய்வதில்லை. 1988இலேயே ஒரு சட்டம் சத்தியக் கடதாசியை ஏற்றுக்கொள்ளத் தொடங்கியிருந்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இன்னும் ஓர் அடி போனது. 1964 அக்டோபர் 30இலிருந்து இங்கே நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினரும் அவர்களின் சந்ததியினரும் பிரஜைகள் என்றது. இந்தியக் கடவுச்சீட்டு எடுத்துவிட்டுப் போகாமல் தங்கியவர்களும் ஓர் அறிவிப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டால் போதும். பாராளுமன்றத்தில் எதிர்ப்பின்றி நிறைவேறியது. அந்த டிசம்பரில் அதிகாரிகளும் தொழிற்சங்கத்தாரும் ஐ.நா. அகதிகள் ஆணையகத்தாரும் தோட்டம் தோட்டமாகப் போனார்கள். பத்து நாட்களில் 1,90,000 பேருக்குக் கிடைத்தது. 1949இன் சட்டம் பதினைந்து வருடத்தில் கொடுத்ததைவிட அதிகம். அதே மலை, அதே லயம், அதே எழுத்துப் பிழையுள்ள பெயர்கள். தொழிலாளி அரசாங்கத்தைத் தேடிப் போகாமல் அரசாங்கம் தொழிலாளியைத் தேடி வந்தது. பூட்டனைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. போர்நிறுத்த காலம், மலையக வாக்கு இரு கட்சிக்கும் தேவைப்பட்ட காலம் என்பதும் உதவியது. நல்ல மனம் மட்டும் சட்டமாகிவிடாது.

ஆனால் ஒரு கூட்டம் இன்னும் மிஞ்சியிருக்கிறது. 1977, 1981, 1983 கலவரங்களுக்குத் தப்பி மலையிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன நம்மவர்கள், யுத்தத்தில் அங்கிருந்தும் கிளம்பித் தமிழ்நாட்டுக்குப் படகேறினார்கள். பலர் இறங்கிய இடம் அதே மண்டபம் முகாம். பாட்டனைப் பரிசோதித்து அனுப்பிய முகாமில் பேரன் அகதி. 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன், கோட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த 65 பேரின் வழக்கில், இவர்கள் இந்திய வம்சாவளியினர், இவர்களின் விண்ணப்பத்தை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றார். அதே ஆண்டு டிசம்பரில் வந்த இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. 2022இல் அதே கிளை, மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்கச் சொன்னது. அவர் 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்; ஆகவே பிறப்பால் பிரஜை. அந்தத் திகதிக்குப் பின் பிறந்திருந்தால் அகதி. கோடு போட்டால் யாரோ ஒருவர் அதற்கு வெளியே நிற்பார் என்பது தெரிந்ததே. ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஒரேயொரு பிறப்புப் பத்திரம் போதுமானதாக இருந்தது. 1987க்குப் பின் பிறந்தவர் தன் பாட்டன் எந்த ஜில்லாவிலிருந்து எந்தத் தோட்டத்துக்கு வந்தார் என்று காட்ட வேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறார். 1948இன் கேள்வி இப்போது மறுகரையில் கேட்கப்படுகிறது.

அதற்கான பதில் எங்கே இருக்கிறது? இந்த மலையில்தான். பழைய செக்ரோல், தோட்டத்துப் பிறப்பு இறப்புப் பதிவு, தோட்டப் பாடசாலைகளின் சேர்க்கை இடாப்பு. தோட்டங்கள் கைமாறிக் கைமாறி, கம்பனிகள் வந்தபின், இவை பழைய ஸ்டோரிலும் ஆபீஸ் அலுமாரியிலும் கறையானுக்கு விட்டபடி கிடக்கின்றன. படமெடுத்துக் காப்பதற்குப் பெரிய பணம் தேவையில்லை. ஒரு நல்ல கமராவும், விடுமுறையில் இருக்கும் இரண்டு உயர்தர மாணவர்களும், துரையின் ஒரு கையெழுத்தும் போதும். அறக்கட்டளைக் குழுவிடம் ஒரு விண்ணப்பம்: அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு ஒதுக்கிய தொகையில் இந்த வேலையை அம்பகமுவப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தொடங்குங்கள். பேச்சாளர் ஓராண்டு பொறுத்துக்கொள்வார்.